பெருவீதியின் நினைவு

அமெரிக்காவின் சிறு பட்டணங்களில் வாழ்ந்து முதுமையெய்தியவர்கள் தங்கள் ஊர்ப் பெருவீதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் ஓயமாட்டார்கள். இருமருங்கும் செங்கல் கட்டடங்கள். கீழே ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பாங்கி. மாடியில் வக்கீலும் பல் வைத்தியரும். சற்றுத் தள்ளிச் சினிமாக் கொட்டகை. சனிக்கிழமைதோறும் சுற்றுப்புறக் குடியானவர்கள் அங்கே கூடுவர். கடைக்காரர் வாடிக்கைக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பார். வால்ட் டிஸ்னி தாம் பாலியத்தில் வசித்த மார்சலீன் என்னும் ஊரை மனத்திற்கொண்டு, 1955-ல் தமது கேளிக்கைத் தோட்டத்தின் வாயிலிலேயே அத்தகைய வீதியொன்றைச் சமைத்தார். உண்மை வீதிகள் மங்கத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே.

மங்கிய காரணம் மர்மமன்று. 1956-ல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் மினியாபோலிஸ் நகருக்கு அருகே எடைனாவில், முழுதும் கூரையிட்ட சௌத்டேல் அங்காடி திறக்கப்பட்டது. அதை வகுத்த விக்டர் குரூயன் வியன்னாவிலிருந்து வந்தவர். புறநகருக்கு ஓர் ஊர் நடுவை அளிக்க எண்ணினார். விளைந்ததோ மோட்டார்கள் நிற்கும் வெளியின் நடுவே ஒரு கடைக்கூட்டம்! பின்னாளில் அவரே அதைக் கண்டித்துப் பேசினார்.

பெருவீதியை இழந்தது நஷ்டமே. ஆயினும் அது யாவர்க்கும் பொதுவாக இருந்ததா என்று கேளாமல் அதைப் புகழ்வது நியாயமன்று.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், தெற்கு எல்ம் வீதியில், வுல்வொர்த் கடை இருந்தது. கறுப்பின மக்கள் அங்கே சாமான் வாங்கலாம். அவர்களுடைய பணத்தைப் பெறுவதில் கடைக்கு ஆட்சேபமில்லை. சிற்றுண்டி மேஜையில் அமர மட்டும் அவர்களுக்கு இடமில்லை. 1960 பிப்ரவரி 1-ந் தேதி, எஸெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மக்கெய்ன், ஜோசப் மக்நீல் என்னும் நான்கு கல்லூரி மாணவர்கள் சில சாமான்களை வாங்கிய பின் அம்மேஜையில் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுக்கப்பட்டது. கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர்; நாளுக்கு நாள் கூட்டம் பெருகிற்று. ஏச்சுக்கு அவர்கள் ஏச்சால் பதில் தரவில்லை. இம்முறை இன்னதென்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. வியாபாரம் நஷ்டமடைந்த பின்னரே, ஜூலை 25-ந் தேதி, மேஜை எல்லோர்க்கும் பொதுவாயிற்று. அன்று முதலில் அங்கே உண்டவர்கள் அக்கடையிலேயே ஊழியம் செய்துவந்த கறுப்பின மக்கள்.

இடம் கிடைத்த சில ஆண்டுகளுக்குள் வீதி வெறிச்சோடலாயிற்று. வாங்குவோர் மோட்டாரேறிப் புறநகர் அங்காடிகளுக்குச் சென்றனர். 1993-ல் கடை மூடப்பட்டது. 2010-ல் அக்கட்டடம் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அந்நால்வர் அமர்ந்த மேஜை அங்கே பழைய இடத்திலேயே இருக்கிறது.