கரியும் ஒளியும் – 7: சாம்பலைத் தடுக்கும் துணிப்பை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் ஒன்றேனும் இல்லை. எனினும், சுண்ணாகத்து உபநிலையத்தின் வழியாக நம் வீடுகளை எட்டும் மின்சாரத்திலே கணிசமான பங்கு, கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று யந்திரங்களுடன் இயங்கும் அனல் மின்நிலையத்திற் பிறப்பதாகையால், அங்கு எரியும் கரியின் சாம்பல் எங்கே போகிறது என்று விசாரிக்கும் கடமை நமக்கும் உண்டு.

அந்நிலையத்தில் உபயோகமாகும் நிலைமின் கருவி, துகள்களுக்கு மின்னேற்றம் ஊட்டி அவற்றை உலோகத் தகடுகளிற் படியச் செய்வதைச் சென்ற வாரம் கண்டோம். கந்தகம் குறைந்த கரியின் சாம்பலோ மின்சாரத்தை எளிதிற் கடத்தாமையால், அக்கருவிக்கு நன்கு வசப்படுவதில்லை. அத்தகைய கரியே மிகுந்த அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தார் இதன் பொருட்டே துணியை நாடினர்.

எட்டு மீற்றர் வரை நீண்ட குழாய் வடிவான துணிப்பைகள், உள்ளே கம்பிக்கூடு தாங்க, ஆயிரக்கணக்கில் ஒரு பெரும் மண்டபத்தில் வரிசையாகத் தொங்க, சுமார் 130 பாகை வெப்பத்தோடு வரும் புகை வெளிப்புறமிருந்து உட்புறம் நுழைந்து மேலேறிப் புகைபோக்கியை அடைகிறது. சாம்பல் துணியின் மேலேயே தங்கிவிடுகிறது. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியை நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். இங்கோ அக்குணமே வேண்டப்படுகிறது. ஆயினும் நெய்யரிக்கில்லாத ஒரு சூக்ஷ்மம் இதற்குண்டு. இழைகளுக்கிடையேயுள்ள துவாரங்கள் பல துகள்களினும் பெரியவை. ஆகவே புதுத்துணி சிறிது சாம்பலைக் கசியவே விடும். முதலில் ஒட்டிய சாம்பல் ஒரு படலமாய்ப் படிந்தபின், அப்படலமே உண்மையான வடிகட்டியாகி, சுவாசப்பையின் ஆழம் வரை செல்லவல்ல, 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த துகள்களையும் தடுத்துவிடுகிறது. நூற்றுக்கு 99.9 பங்கு தூசியைப் பிடிப்பது இம்முறைக்கு அரிதன்று.

படலம் மிகத் தடித்தாற் புகைக்கு வழியடையும். ஆகையால் மேலிருந்து அழுத்தக் காற்றை ஒரு கணம் பாய்ச்ச, பை உதறிக்கொண்டு சாம்பலைக் கீழுள்ள தொட்டியில் உதிர்க்கிறது. முற்றாக உதறிவிடவும் கூடாது என்பதிலேதான் தொழிலாளியின் சாமர்த்தியம் இருக்கிறது.

பராமரிப்பிற் சோம்பலை இக்கருவி பொறுக்காது. வெப்பம் மிஞ்சினால் துணி கருகும். மிகக் குறைந்தால் கந்தக அமிலம் துளித்து இழையை அரிக்கும். ஆயிரம் பைகளிற் சில கிழிந்தாலும், மற்றவை பிடித்ததன் பயன் பெரிதுங் கெடும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை பைகளை மாற்றப் பணம் ஒதுக்காத நிர்வாகம் துணிப்பையை வாங்காதிருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

நுரைச்சோலைவாசிகள், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், திறந்த வெளியிற் குவிந்த கரியையும் சாம்பலையும் காற்று வாரிவந்து தம் வீடுகளிலும் தோட்டங்களிலும் கொட்டுவதாக முறையிட்டிருக்கின்றனர். அதற்கு எத்துணிப்பையும் பரிகாரமாகாது. குவியலை மூடுவதும், நீர் தெளிப்பதும், சாம்பலைத் தாமதமின்றிச் சீமெந்து ஆலைகளுக்கு அனுப்புவதுமே வழி. அச்சாம்பல் சீமெந்திலே சேரும் விதத்தை, 1990 இல் மூடுண்ட நம் காங்கேசன்துறை ஆலையின் சரித்திரத்தோடு சேர்த்து, அடுத்த வாரம் காண்போம்.