பாஸ்பரஸ் பஞ்சத்தில் ஒரு நீலக் கடல்

அட்லாண்டிக்கில், பெர்முடா தீவைச் சூழ்ந்திருக்கும் சார்காஸோ கடலுக்குக் கரை கிடையாது. சுற்றியோடும் நீரோட்டங்களே அதற்கு எல்லை. அதன் கண்ணைப் பறிக்கும் நீலத்துக்குக் காரணம், மேல்நீரில் நுண்பாசி அரிதாக இருப்பதுதான். வெயிலுக்குக் குறைவில்லை, சத்துக்குத்தான் பஞ்சம். அதிலும் பாஸ்பரஸ் தரும் பாஸ்பேட் அங்கே கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லிவிடலாம். டி.என்.ஏ. எழுதவும் ஆற்றலைக் கைமாற்றவும் பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரணுவாலும் முடியாது.

ஆனாலும் அந்த நீரில் உயிர்கள் மொய்க்கின்றன. உலகின் மிகப் பெருந்தொகையான உயிர்களில் ஒன்றான சார்-11 பாக்டீரியா, ஸ்டீபன் ஜியோவனோனி குழுவினருக்கு 1990இல் அடையாளம் தெரிந்தது இங்கே அள்ளிய நீரில்தான். இவற்றுக்குச் சோறு போடுவது கரைந்த கரிமப் பொருள். நுண்பாசிகள் கசியவிடுவது, அவற்றை மேயும் சிற்றுயிர்கள் சிந்துவது, வைரஸ் தாக்கி வெடித்த செல்களிலிருந்து கொட்டுவது எல்லாம் சேர்ந்த கரைசல் அது. உலகக் கடல்களில் இப்படிக் கரைந்திருக்கும் கார்பன் மட்டும் சுமார் 66,000 கோடி டன். அதில் பெரும்பகுதி யாருக்கும் எளிதில் செரிக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆழத்தில் கிடக்கிறது. புதிதாகக் கரைவதோ வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. ஃபரூக் ஆசாமும் சக ஆய்வாளர்களும் கரைந்த கரிமப் பொருள் பாக்டீரியா வழியாக உணவுச் சங்கிலிக்குத் திரும்பும் இந்தச் சுற்றை 1983இல் விளக்கும்வரை, கடலின் உணவுச் சங்கிலியில் பாக்டீரியாவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

சார்காஸோவின் மேல்நீரில் பாஸ்பரஸின் பெரும்பங்கு இந்தக் கரிமப் பொருளுக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது. அங்குள்ள உயிர்கள் முதலில் சிக்கனம் பிடிக்கின்றன: புரோக்ளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் தன் சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பை வைத்துக்கொள்கிறது. அடுத்தது பூட்டை உடைப்பது. அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, கரிம மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை வெட்டியெடுக்கிறது. அந்த நொதி வேலை செய்யத் துத்தநாகமோ இரும்போ வேண்டும். அவையும் அந்தக் கடலில் அரிது. ஒரு பஞ்சத்தைத் தீர்க்க இன்னொரு பஞ்சத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

கரிமப் பாஸ்பரஸ் வகைகளில் என்னை அதிகம் வியக்கவைப்பது பாஸ்போனேட். இதில் கார்பனும் பாஸ்பரஸும் ஆக்சிஜன் இடையில் இல்லாமல் நேராகப் பிணைந்திருக்கும். பாஸ்படேஸால் அந்தப் பிணைப்பை அசைக்க முடியாது. அதை உடைக்கும் மரபணுத் தொகுதியே சில உயிர்களிடம் தனியாக இருக்கிறது. நைட்ரஜனை நிலைநிறுத்தும் டிரைக்கோடெஸ்மியத்திடம் அது இருப்பது 2006இல் தெரியவந்தது. மெத்தில்பாஸ்போனேட்டை உடைத்தால் பாஸ்பரஸ் செல்லுக்கு. மிச்சம் மீத்தேனாக வெளியேறும். ஆக்சிஜன் அற்ற சேற்றில்தான் மீத்தேன் பிறக்கும் என்று நம்பியிருந்த அறிவியலுக்கு, ஆக்சிஜன் நிறைந்த கடல்பரப்பில் அது மிகுந்திருந்தது நெடுநாள் புதிராக இருந்தது. 2008இல் டேவிட் கார்ல் குழுவினர் பசிபிக் நீரில் மெத்தில்பாஸ்போனேட்டைச் சேர்த்தபோது மீத்தேன் வெளிவந்தது. மெத்தில்பாஸ்போனேட்டைத் தயாரிக்கும் நுண்ணுயிர்களில் ஒன்று நைட்ரோசோபுமிலஸ் என்று 2012இல் கண்டறிந்தார்கள். பாஸ்பேட்டுக்கு ஏங்கும் சார்-11 வகைகள் சிலவும் இதே வழியில் மீத்தேனை வெளியிடுகின்றன.

மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால், காலநிலைக் கணக்குகளில் இந்தச் சிற்றுயிர்களின் பசிக்கும் இடம் தர வேண்டும். கடல்பரப்பு சூடாகச் சூடாக மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது குறைகிறது. ஆழத்திலிருந்து ஏறிவரும் பாஸ்பேட்டும் அதனால் குறையும். அப்போது மேல்நீர் உயிர்கள் கரைந்த கரிமப் பொருளை இன்னும் அதிகமாகச் சார்ந்திருக்க நேரும்.