"அக்கா, என் போட்டோ இருக்கா?" - காரைக்கால் கடற்கரையில் நான் படித்த ஃபோகஸ் பாடம்

"அக்கா, நான் எகிறி அடிச்சேன்ல... அந்த போட்டோவ அனுப்புங்களேன். அப்பா கத்தார்ல இருக்காங்க, அவங்களுக்குக் காட்டணும்!"

காரைக்கால் கடற்கரையில் வாலிபால் ஆடி முடித்த பத்தாம் வகுப்பு மாணவி ஓடிவந்து கேட்டாள். என் கேமராவில் 200 படங்களுக்கு மேல் இருந்தன. அவள் எகிறி அடித்த படமும் இருந்தது. அதில் வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வலைக்குப் பின்னால் அவள் முகம் மட்டும் பனிமூட்டத்தில்! "அப்புறமா அனுப்புறேன்மா" என்று சமாளித்தேன்.

அன்றிரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, மங்கலில் இரண்டு ரகம் உண்டு. ஆள் மங்கலாக இருந்து வலையோ, பின்னால் நிற்கும் கூட்டமோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. சுற்றிலும் எல்லாம் தெளிவாக இருந்து, ஓடுகிற கையும் காலும் மட்டும் இழுத்துவிட்டதுபோல இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 100 மீட்டரை 12.5 விநாடியில் ஓடும் பிள்ளை, விநாடிக்கு 8 மீட்டர் நகர்கிறது. 1/100 விநாடி ஷட்டரில் அது 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 என்று வைத்தால் 8 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை, முகம் தெரியும்.

நான் கோட்டைவிட்டது ஃபோகஸை. ஒருமுறை பிடித்ததும் அப்படியே நின்றுவிடும் முறையில் கேமராவை வைத்திருந்தேன். ஆளைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றியிருக்க வேண்டும். அதைவிட எளிய வழி, சம்பவம் எங்கே நடக்குமோ அங்கே முன்பே ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருப்பது. மொபைலிலும் முடியும். பெரும்பாலான போன்களில் திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்.

இப்படிக் காத்திருக்கும் கண்களுக்குத்தான் கிரிக்கெட்டில் விருந்து. ஸ்டம்ப் எங்கேயும் ஓடிப்போகாதே! 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் வீச, மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை'. டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டாவது முறைதான். அந்தத் தருணத்தைப் படமாக்கியவர் மாலா முகர்ஜி என்ற பெண். எடுத்ததும் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாத ஃபிலிம் காலம் அது. 200 படம் எடுத்துச் சொதப்பிய எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நம்மூரில் பயிற்சிக்கு மாங்கனித் திருவிழாவும் இருக்கிறது. மாடியிலிருந்து பறந்துவரும் மாம்பழத்தைத் துரத்தினால் கேமரா பக்கத்தில் நீளும் கைகளைத்தான் பிடிக்கும். வீசுகிறவரின் முகத்தில் ஃபோகஸை வைத்துவிட்டால் பழமும் சிரிப்பும் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்த வாரம் மீண்டும் கடற்கரைக்குப் போனேன். இந்த முறை வலைக்கு எதிரே நிற்காமல், பக்கவாட்டில் கம்பத்தை ஒட்டி, கடலைப் பார்த்து நின்றேன். கிழக்குக் கடற்கரையில் இது ஒரு வரம். மாலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆடுகிறவர் மேல் விழும். பின்னணியில் வெறும் கடல், கேமராவைக் குழப்பக் கூட்டம் இல்லை. உப்புக்காற்றுதான் தொல்லை, லென்ஸை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. அவள் எப்போதும் எகிறும் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருந்தேன்.

ஏழாவது முயற்சியில் கிடைத்தது. விரல் நுனியில் பந்து, நெற்றியில் ஒட்டிய மணல்கூடத் தெரிகிறது. அவளிடம் காட்டினேன்.

"ஐயோ, கண்ண மூடிட்டேனே... பரவால்லக்கா. நான்தான்னு தெரியுதுல்ல, அனுப்புங்க!"