வெள்ளைப் பைன் மரத்துக்கு எவ்வளவு வெயில் தேவை?

வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நன்றாக மரம் வளரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் வெள்ளைப் பைன் மரத்துக்கு இது முழுதும் பொருந்தாது. காரணம், ஒரு சின்னஞ்சிறு வண்டு.

அரிசியில் நீண்ட மூக்குடன் ஊரும் வண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறவுதான் வெள்ளைப் பைன் கூன்வண்டு. நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். குளிர்காலத்தைத் தரைச் சருகுகளுக்கிடையே கழிக்கும் இது, இளவேனிலில் மரத்தின் உச்சிக்கு ஏறி நுனித்தண்டில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் பட்டையின் உட்புறத்தைத் தின்றபடியே கீழிறங்கும். உணவுப் பாதை அறுபட்டு, நுனி வாடி வளைந்து காய்ந்துவிடும்.

மரம் பெரும்பாலும் சாவதில்லை. நுனியின் இடத்தைப் பிடிக்கப் பக்கக் கிளைகள் போட்டியிடும். ஒன்று வென்றால் அடிமரம் கோணலாகும்; இரண்டு வென்றால் கவையாகப் பிரியும். நேரான பலகை கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் கைவிடப்பட்ட வயல்களில் முளைத்த பைன்கள் பல இப்படிப் புதராகிப்போயின. மக்கள் அவற்றை 'முட்டைக்கோஸ் பைன்' என்றே அழைத்தார்கள்!

ஏன் வயல்களில் இவ்வளவு பாதிப்பு? வெட்டவெளியில் நுனித்தண்டு தடித்து வளரும், வெயிலில் சூடேறும். வண்டு விரும்புவது இவ்விரண்டையும்தான். நிழலில் நுனி மெலிந்து, குளிர்ந்து இருப்பதால் தாக்குதல் குறைகிறது.

அப்படியானால் அடர்நிழலே சிறந்ததா? இல்லை. முழு வெயிலில் 20 விழுக்காடாவது கிடைக்காவிட்டால் பைன் கன்றுகள் பிழைப்பதே கடினம். ஆனால் 45 விழுக்காடு கிடைத்தாலே அவை முழு வேகத்தில் உயர்ந்துவிடும். எனவே, வனவியலாளர்கள் பெரிய மரங்களை ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை. சிலவற்றை விட்டுவைத்து, கன்றுகளுக்கு ஏறக்குறைய பாதி நிழல் கிடைக்கச் செய்கிறார்கள்.

இந்த நிழல் எதுவரை வேண்டும்? மரத்தின் அடிப்பகுதியில்தான் விலைமதிப்புள்ள கட்டை கிடைக்கிறது. கன்றுகள் 5, 6 மீட்டர் வரை நேராக உயர்ந்துவிட்டால் அந்தப் பகுதி தப்பிவிடும். பிறகு பெரிய மரங்களை அகற்றி வெயிலை உள்ளே விடலாம். அப்போது வண்டு வந்தாலும் இழப்பு குறைவே.

இதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நிழலை அகற்றினால் வண்டுக்கு விருந்து. தாமதித்தால் கன்றுகளின் வளர்ச்சி குன்றும்.

அடுத்த முறை கோணலான மரம் ஒன்றைக் கண்டால், அது எந்த உயரத்தில் வளைந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு காலத்தில் அங்கே அதன் நுனி அழிந்திருக்கலாம்.