வெட்டி எடுக்கப்படும் விடை: தேடுபொறியும் வடசென்னையும்

தேடுபொறியில் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்ததும், வழக்கமான இணைப்புப் பட்டியலுக்கு மேலே ஒரு கட்டத்துக்குள் சில வரிகளில் விடையும், அதை ஒட்டி அவ்விடை எடுக்கப்பட்ட பக்கத்தின் பெயரும் தோன்றுவது இன்று எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. கூகுள் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டைச் 'சிறப்புத் துணுக்கு' என்பர். பட்டியலின் முதல் இடத்துக்கும் முன்னால் நிற்பதால் இணையத்தளத் தொழிலில் இருப்போர் இதைப் 'பூஜ்ஜிய இடம்' என்றும் சொல்வதுண்டு. இந்த விடையைத் தேடுபொறி தானாக எழுதுவதில்லை. யாரோ எழுதிய பக்கத்திலிருந்து ஒரு பத்தியையோ பட்டியலையோ அட்டவணையையோ வெட்டி எடுத்து மேலே வைக்கிறது. வெட்டும்போது என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே விடுபடுகிறது என்பதைப் பொறுத்தே அந்த விடை சரியாகவோ பிழையாகவோ ஆகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுகப் பகுதியைப் பற்றி எழுதுவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அப்பகுதி குறித்து மக்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு நிபந்தனை சேராத விடை தவறான விடையாகிவிடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: மீன்பிடித் தடைக்காலம் எப்போது? சித்திரை பிறந்த மறுநாளான ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் என்பது விடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை தமிழ்நாட்டில் 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையை ஒட்டித் தொழில் செய்துகொண்டுதான் இருக்கும். இந்தப் பாதி விடுபட்ட விடையைப் படித்துவிட்டு மே மாதத்தில் காசிமேட்டுக்குப் போகிறவர், அங்கே கூடையில் துள்ளும் மீனைப் பார்த்து, அது திருட்டுத்தனமாகப் பிடித்தது அல்லது வெளிமாநிலத்திலிருந்து ஐஸ் போட்டு வந்தது என்று முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இது குறித்து எழுதப்படும் பக்கங்கள் பெரும்பாலும் மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை விளக்கி, 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தொட்டு, நான்காவது பத்தியில்தான் விலக்குப் பெற்ற படகுகளுக்கு வருகின்றன. தேடுபொறியோ தேதி இருக்கும் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். துணுக்காக எடுக்கப்பட வேண்டுமென்று எண்ணுபவர் செய்ய வேண்டியது, கேள்வியையே துணைத்தலைப்பாக வைத்து, அதற்கு அடுத்த வரியிலேயே இப்படி எழுதுவது: 'நாட்டுப்படகு, கட்டுமரம் நீங்கலாக, விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது.' இனப்பெருக்கமும் சட்டமும் அதன் பின்னர் எவ்வளவு விரிவாக வேண்டுமானாலும் வரலாம். துணுக்குக்கு 40 முதல் 60 சொற்கள் என்று தொழில்முறையாளர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அது ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துப் போட்ட கணக்கே தவிர கூகுள் விதித்த அளவன்று. வேற்றுமையுருபும் சொல்லுருபும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதில் பாதியே போதும். அதோடு, வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், விலக்கையும் நிபந்தனையையும் அதற்கு முன்பே அடக்கிவிடுவது தமிழில் இயல்பாக அமைகிறது. அப்படி அமைந்த வாக்கியத்தை வெட்டினால் முழுதாகத்தான் வெட்ட முடியும்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் சிக்கல் வேறு வகையானது. 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம் எது' என்ற கேள்விக்கும் 'இந்தியாவின் மிகப் பழைய ரயில் நிலையம் எது' என்ற கேள்விக்கும் விடை ஒன்றல்ல. முதல் பயணி ரயில் 1853 ஏப்ரல் 16-இல் பம்பாய் போரி பந்தரிலிருந்து தானே வரை ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1-இல்தான். ஆனால் போரி பந்தரிலும் தானேயிலும் அன்றிருந்த கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் கட்டடம் நிற்கிறது, ரயிலும் நிற்கிறது. எனவே 'இன்றும் இயங்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது' என்றும், 'தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்' என்றும் எழுதினால் சரி. ஊர்ப்பற்றில் 'இந்தியாவின் முதல்' என்று எழுதினால் பிழை. ஊர்ப்பற்றுள்ள வாக்கியம் சுருக்கமாகவும் கேள்விக்கு நேராகவும் இருப்பதால் அதற்கே துணுக்கில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் வருத்தம்.

கேள்வியின் வடிவத்தோடு பொருந்தும் பத்தியைத் தேடுபொறி நம்பிவிடுவதால் நேர்ந்த விபரீதத்தை 2021 ஜூனில் இந்தியாவே பார்த்தது. இந்தியாவின் மிக அசிங்கமான மொழி எது என்ற விடையே இல்லாத கேள்விக்கு, ஏதோ ஒரு தளத்தில் அதே சொற்களோடு இருந்த வாக்கியத்தை எடுத்து, கன்னடம் என்று கூகுள் கட்டத்துக்குள் காட்டியது. கர்நாடக அரசு சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பக்கத்தைத் துணுக்காக்குவதற்கென்று தனிக் குறியீடு எதுவும் கிடையாது. முதல் பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் பக்கங்களிலிருந்து, கேள்விக்கு நேராக விடை சொல்வதாகக் கணிக்கும் பகுதியை நிரல் தேர்ந்தெடுக்கிறது.

காலம் சேராத விடையும் பிழையே. திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து முதல் மண்டலமானது. ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. 'திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி' என்று அதற்கு முன்பு எழுதப்பட்ட பக்கங்கள் அழிந்துவிடவில்லை. தடைக்கால நிவாரணம் ரூ.5,000 என்பதும் அப்படியே, அதை ரூ.8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. எண்ணூர் எண்ணெய்க் கசிவு என்றால் 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதா என்று ஆண்டைச் சொல்லாமல் எழுதவே கூடாது.

பிழையான விடை மேலே வருவதற்கு அதை எழுதியவர் மட்டும் காரணமல்லர். சரியான விடை பெரும்பாலும் அரசு அறிவிப்பில் இருக்கிறது. அந்த அறிவிப்போ கையொப்பத்தோடு ஸ்கேன் செய்யப்பட்ட படமாகவோ, பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சான கோப்பாகவோ ஏற்றப்படுகிறது. யூனிகோடை 2010-இலேயே தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த வழக்கம் முற்றாக மறையவில்லை. தேடுபொறி எளிதாகப் படிக்கக்கூடிய எழுத்தாக அறிவிப்பு இல்லாதபோது, அதைக் கேட்டு எழுதிய மூன்றாவது தளமே சான்றாகிவிடுகிறது.

இடம் பிடித்தவருக்கும் ஆதாயம் முழுமையாக வருவதில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் மாலை நாளிதழ் போஸ்டர் பாதிச் செய்தியைச் சொல்லி மீதிக்காக இதழை வாங்க வைக்கும். துணுக்கோ முழு விடையையும் கொடுத்து வாசகரை வாசலிலேயே அனுப்பிவிடுகிறது. துணுக்கில் வந்த பக்கம் அதே பட்டியலில் மறுபடியும் வராது என்பது 2020 ஜனவரி முதல் கூகுளின் நடைமுறை. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிமுகமான 'ஏஐ ஓவர்வியூ' பல பக்கங்களைக் கலந்து புது வாக்கியமே எழுதுவதால், ஒரு பக்கத்தின் நிபந்தனை இன்னொரு பக்கத்தின் எண்ணோடு சேர்ந்துவிடும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

வெட்ட விடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. பக்கம் முழுவதையும் துணுக்காக்கக் கூடாதென்றால் 'நோஸ்னிப்பெட்', எடுக்கும் எழுத்துகளுக்கு வரம்பு கட்ட 'மேக்ஸ்-ஸ்னிப்பெட்', ஒரு பகுதியை மட்டும் மறைக்க 'டேட்டா-நோஸ்னிப்பெட்' என்னும் குறிப்புகளைப் பக்கத்தின் நிரலில் சேர்க்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியது போன்ற நிகழ்வின்போது வெளியிடப்படும் 'எங்கே போக வேண்டும்' என்ற அறிவுரையை, நிலைமை சீரானதும் இப்படி மறைத்துவிட்டு, நாளும் நேரமும் குறித்த வரியை மட்டும் திறந்து வைப்பது நல்லது. இல்லையேல் அடுத்த கசிவின் இரவில் கைப்பேசியைப் பார்த்து ஓடுபவருக்குப் பழைய இரவின் காற்றுத்திசையே விடையாகக் கிடைக்கும்.