தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தக் கொழுப்பும்

உணவில் எண்ணெயையும் இறைச்சியையும் குறைத்த பின்னரும் கொலஸ்ட்ரால் அளவு குறையவில்லையா? உணவுப் பழக்கம் மட்டுமே அதற்குக் காரணம் என்று கருதிவிட வேண்டாம். கழுத்தின் முன்பகுதியில் உள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு ஹார்மோனைச் சுரக்காமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொழுப்பு ஏன் உயர்கிறது?

எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. தைராய்டு ஹார்மோன் குறையும்போது இவ்வேற்பிகளும் குறைகின்றன. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியின் செயல்பாடும் மந்தமடைகிறது. இதனால் எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகிறது. ட்ரைகிளிசரைடுகளைச் சிதைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதியும் தளர்வதால், அவற்றின் அளவும் சிலருக்கு உயர்கிறது. இந்நிலை நீடித்தால் இதய இரத்தக் குழாய்களில் கொழுப்பு படியக்கூடும்.

தசை வலி இருந்தால் கவனம் தேவை

தைராய்டு குறைபாடு தசைகளையும் பாதிக்கும். அப்போது தசைகளில் உள்ள கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் கசிந்து, பரிசோதனையில் உயர்ந்து காணப்படும். இக்குறைபாட்டைக் கண்டறியாமல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளை உட்கொண்டால் தசை பாதிப்புக்கான வாய்ப்பு அதிகரிக்கிறது. கால் வலியின் காரணமாக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவோரைப் புறநோயாளிகள் பிரிவில் காண்கிறோம். அவ்வாறு நிறுத்த வேண்டாம். தசை வலி, பலவீனம் ஏற்பட்டால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

• கொலஸ்ட்ரால் உயர்ந்திருப்பதுடன் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடல் எடை கூடுதல் ஆகியவையும் இருந்தால், டி.எஸ்.எச். பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.
• லெவோதைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ளுங்கள். காலை உணவு, காபி, தேநீர் ஆகியவற்றுக்கு 30 முதல் 60 நிமிடங்கள் இடைவெளி தேவை.
• இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.
• முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவிலேயே மருந்து தொடங்கப்படும். அளவை நீங்களாகவே கூட்ட வேண்டாம்.
• மருந்து தொடங்கிய 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச். பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

ஹார்மோன் அளவு சீரடைந்த பின் பலருக்குக் கொழுப்பின் அளவு குறைகிறது. அதன் பிறகும் உயர்ந்தே இருந்தால், கொழுப்புக்கான தனிச் சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்வார்.