குந்திய காலும் குன்றும் நரம்பும்

வைகை அணையிலிருந்து தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கினுள் செல்லச் செல்ல, உழைப்போரின் உடலைத் தொழில் வெவ்வேறு வகையாய் வளைப்பதைக் காணலாம். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் நாற்று நடுவோர் இடுப்பை மடித்துக் குனிகின்றனர். திராட்சைப் பந்தலின்கீழ்க் குலை வெட்டுவோர் கைகளை உயர்த்தி, கழுத்தைப் பின்னே சாய்த்து நிற்கின்றனர். கம்பம், போடி, தேவாரம் ஊர்களிலிருந்து ஜீப்பேறிக் கேரள மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களோ ஏலச்செடியின் அடியில் குந்துகின்றனர். ஏலக்காய் உயர்ந்த தண்டில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையையொட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. அவர்களது இருக்கை நிலையைச் செடியே தீர்மானிக்கிறது. அதனைத் தவறான பழக்கமென்று அவர்கள்மேல் ஏற்றுவது அறமன்று.

இக்குந்தலால் நலிவது முதுகு ஒன்றே எனப் பலரும் எண்ணுவர். ஆனால் காலின் நரம்பும் நலியும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், விரலால் தடவினால் ஓர் எலும்புமுனை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றியே ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவதும், கீழ்க்காலின் வெளிப்புறத்திலும் பாதத்தின் மேற்பரப்பிலும் படும் தொடுவுணர்வை மூளைக்கு அனுப்புவதும் அதன் பணி. அவ்விடத்தில் அதனைக் காக்கத் தடித்த தசை இல்லை. தோலுக்கும் எலும்புக்கும் இடையே கிடக்கிறது. முழங்காலை முற்ற மடித்து நெடுநேரம் குந்தும்போது, சூழ்ந்துள்ள தசைநாண்களும் எலும்பும் அதனை நெருக்குகின்றன. நரம்பை ஊட்டும் நுண்குழாய்களில் குருதியோட்டம் தடைப்படக் கால் மரத்துப்போகிறது.

உடனே எழுந்து நின்றால் ஊசி குத்துவதுபோன்ற உணர்வோடு மரப்பு தெளியும். அது நரம்பு மீள்வதன் அடையாளம். நெருக்கல் மணிக்கணக்காய் நீளுமாயின் நரம்பிழையைப் போர்த்தியுள்ள மையலின் உறை சிதையும். நடக்கும்போது பாதம் தொய்ந்து விரல்கள் தரையில் தட்டும், செருப்பு நழுவும். மேலைநாட்டு மருத்துவர்கள் இதனை ஸ்ட்ராபெரி பறிப்போர் வாதம் என்றே பெயரிட்டுள்ளனர். உறை மட்டும் சிதைந்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நலமாகும். இழையே அழிந்தால், அது மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே.

நீரிழிவு உள்ளோர்க்கும் உடல் மெலிந்தோர்க்கும் இந்நரம்பு இன்னும் எளிதில் நலியும். தொழுநோயும் இதே நரம்பைத் தாக்கக்கூடும். ஆதலால் ஓய்வுக்குப் பின்னும் தீராத மரப்பை ‘வாயு’ என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலங்கடத்தலாகாது. பாதம் தொய்ந்தால் ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். வைகை அணைக்கு அருகே, க. விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

காய் எடுப்போர் இடையிடையே எழுந்து காலை நீட்டுதல் வேண்டும். பறிக்கவேண்டிய எடைக்கும் நேரத்திற்கும் அஞ்சி எழத் தயங்குவோர்க்கு இவ்வறிவுரை மட்டும் பயன்தராது. தென்கொரிய உழவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் குட்டைத் திண்டின்மேல் அமர்ந்து களையெடுக்கின்றனர். முழங்கால் முற்ற மடிவதில்லை. அத்தகைய இருக்கையையும், எழுந்து நிற்பதற்கான நேரத்தையும் கூலியில் பிடித்தமின்றித் தோட்ட உரிமையாளர்கள் வழங்கவேண்டும்.